தராசு நின்றுவிட்டால் நாடாவை எடுங்கள்

ராயபுரத்தில் இருபது வருடமாக ஜிம் நடத்துகிறேன். அதற்கு முன் குத்துச்சண்டை ஆடியவன். "உடம்பு இறுகியிருக்கிறது, எடை மட்டும் இறங்கவில்லை" என்று வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (வியாசர்பாடி): மாஸ்டர், உயரம் 172 செ.மீ. நான்கு மாதத்தில் 92 கிலோவிலிருந்து 86க்கு வந்தேன். மூன்று வாரமாக அசையவில்லை. பிஎம்ஐ 29, பருமன் என்கிறார்கள். தோளும் தொடையும் கல்லாக இருக்கின்றன.

பதில்: பிஎம்ஐ கணக்குக்கு உங்கள் எடையும் உயரமும் மட்டுமே தெரியும். அந்த 86 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது கேட்பதில்லை. தையற்காரர் நாடா ஒன்று வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் அளவு பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அதைத் தாண்டினால் "இதெல்லாம் தசை" என்று சாக்குச் சொல்லாதீர்கள். கை பெருத்தவர்களின் தொப்பையை நிறையவே பார்த்திருக்கிறேன்.

துறைமுகத்தில் சுமை தூக்கும் தம்பி ஒருவர் ஆறு வாரம் 84 கிலோவிலேயே நின்றார். சலித்துப்போய் வந்தவரிடம் பெல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டைகள். கொழுப்பு கரைந்த இடத்தில் தசை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். தினமும் காலையில் கழிவறை சென்றுவந்தபின் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எழுதி வையுங்கள். நான்கு வாரம் சராசரியும் நாடாவும் இரண்டுமே நகராவிட்டால் மட்டும் தேக்கம் என்று சொல்லுங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): எனக்கு நாடாவும் நகரவில்லை, ஐந்து வாரம் ஆகிவிட்டது. 95 கிலோவில் இருந்தபோது சாப்பிட்ட அதே அளவுதான் 87லும் சாப்பிடுகிறேன்.

பதில்: அதே அளவு சாப்பிடுவதுதான் காரணம். இளைத்த உடம்பைச் சுமக்கக் குறைந்த எரிபொருள் போதும். கூடவே, நமக்குத் தெரியாமலே அசைவும் குறைந்துவிடுகிறது: மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், தெருமுனைக் கடைக்கும் வண்டி. 1945இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார்கள். யாரும் சொல்லாமலே அவர்கள் அசைவைச் சுருக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது எண்ணெய். "கொஞ்சம்தான் ஊற்றினேன்" என்பவர்கள் ஒருநாள் எண்ணெய் பாட்டிலைச் சமையல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, காசிமேட்டுச் சங்கரா மீனைத் தோசைக்கல்லில் வறுத்தபின் மறுபடி வையுங்கள். என் வீட்டில் 40 கிராம் குறைந்திருந்தது. கல்லில் சொட்டுக்கூட மிச்சமில்லை. கிராமுக்கு 9 கலோரி, ஆக 360. அன்றைக்குத்தான் என் மனைவி அந்தத் தராசை ஒளித்துவைத்தார்.

எண்ணெயிலும் சோற்றிலுமாக நாளொன்றுக்கு 200 கலோரி குறையுங்கள், அல்லது 2,000 காலடி கூடுதலாக நடங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது பலித்தது என்றே தெரியாது.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஆறு நாள் ஒழுங்கு. ஞாயிறு மட்டும் மதியம் பிரியாணி, மாலையில் செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்). இதில் என்ன கெட்டுவிடும்?

பதில்: தினம் 400 கலோரி குறைத்தால் ஆறு நாளில் 2,400. ஒரே ஞாயிற்றில் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அத்தோவை விடச் சொல்ல மாட்டேன், வடசென்னையில் பிறந்தவன் அந்தப் பாவத்தைச் செய்ய முடியாது. பிரியாணி ஒரு வாரம், அத்தோ மறுவாரம். வாழைத்தண்டு சூப்பை எப்போதும் குடிக்கலாம். திங்கட்கிழமை எடை ஏறியிருந்தால் பதறாதீர்கள். உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர் அதில் பெரும்பங்கு.

கேள்வி (பெரம்பூர்): நான் பளு தூக்கும் பெண். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒன்றரைக் கிலோ ஏறிவிடுகிறது.

பதில்: அதுவும் நீர்தான் அம்மா. இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். கிரியேட்டின் என்ற ஜிம் துணை உணவைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கும் ஒன்றிரண்டு கிலோ இப்படி ஏறும்.

கேள்வி (புளியந்தோப்பு): பளு தூக்குவதை நிறுத்திவிட்டு ஓட மட்டும் செய்யலாமா?

பதில்: கூடாது. உணவைக் குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பது பளுவும் புரதமும்தான். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் 80 கிலோ ஆளுக்கு 128 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவேண்டாம்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): மாஸ்டர், இரண்டு வாரத்தில் குத்துச்சண்டைப் போட்டி. என் எடைப் பிரிவுக்கு இன்னும் 4 கிலோ இறங்கவேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு ஓடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. வியர்வையில் போவது நீர், கொழுப்பு அல்ல. நம் ஊர் வெயிலில் உயிருக்கே ஆபத்து. பயிற்சியாளரிடம் பேசி மேல் பிரிவில் பெயரைக் கொடுங்கள். பத்தொன்பது வயதில் நானும் அப்படி ஓடினேன். எடை மேடையில் முள் சரியாக நின்றது. இரண்டாம் சுற்றில் கால் மடங்கி விழுந்தேன். எதிராளி என்னைத் தொடக்கூட இல்லை.