பழைய பாட்டை நாலு பேர் சேர்ந்து பாடினால் அது வெறும் கவர்தானா?

கேள்வி: ஜாஸ் குரல் குழுக்களின் ஆல்பங்களில் சொந்தப் பாட்டு கொஞ்சம், வேறு யாரோ எப்போதோ பாடிய பாட்டு கொஞ்சம் என்று கலந்துதான் இருக்கிறது. அந்தப் பழைய பாட்டுகள் வெறும் கவர்தானே, அதாவது ஒருவர் பாடியதை இன்னொருவர் திரும்பப் பாடுவதுதானே? புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

சேஜ் குழுவின் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். 2023 ஆகஸ்டில் வந்தது, ஆல்பத்தின் பெயரும் சேஜ்தான். சாரா கசாரெக், அமாண்டா டெய்லர், ஜானே கெண்ட்ரிக், எரின் பென்ட்லேஜ் என்று நான்கு அமெரிக்கப் பெண்கள். அவர்கள் பெயர்களின் முதல் ஆங்கில எழுத்துகளை வரிசையாகக் கோத்ததுதான் குழுவின் பெயர்.

'கவர்தானே' என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அது போனதற்குக் காரணம் ஜாஸ் அறிவு இல்லை, சர்ச் கொயர். பள்ளி நாட்களில் தொடங்கிப் பத்து வருடம் ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் கீழ்ப் பகுதி, பாடியிருக்கிறேன். ஆல்டோவின் பாடு பாடியவர்களுக்குத்தான் தெரியும். உச்சியில் பாடும் சொப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும், அடியில் பாடும் ஆண் குரலான பாஸுக்குக் கம்பீரம் கிடைக்கும். நமக்கு 'சோ சோ சோ லா சோ' என்று ஒரே இடத்தில் நிற்கும் வேலை. வீட்டில் தனியாகப் பாடிக் காட்டினால், இது என்ன பாட்டு என்று அம்மாவுக்கே தெரியாது. ஒரு கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில், நடுவே என்னை அறியாமல் சொப்ரானோ மெட்டுக்குத் தாவிவிட்டேன். தப்பான சுரம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பாட்டு சட்டென்று மெலிந்து போனது, நடுச்சுவரை எடுத்த வீடு மாதிரி. கொயர் மாஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அன்றைக்குப் புரிந்ததுதான் இது: நான்கு குரல் சேர்ந்து பாடும்போது மெட்டு என்பது பாட்டின் கூரை மட்டும். அடியில் மற்ற மூன்று குரலும் எங்கே நிற்கின்றன, எப்போது நகர்கின்றன என்று யோசித்து எழுதுகிறாரே ஒருவர், பாதிப் பாட்டு அவருடையது.

சேஜ் குழுவில் நால்வரும் பெண்கள் என்பதால் அந்த யோசனை இன்னும் கஷ்டம். கீழே தாங்குவதற்கு ஆண் குரல் கிடையாது. அந்த வேலையைப் பெரும்பாலும் பாஸ் வாத்தியத்திடம் விட்டுவிட்டு, நான்கு குரலும் ஒரு சின்ன இடத்துக்குள் நெருக்கமாக நிற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை இருவர் ஒரே நேரத்தில் பிடிக்கும்போது லேசாக ஒரு உரசல் வரும். சர்ச்சில் அப்படி உரசினால் யாரோ தப்புப் பண்ணுகிறார்கள் என்று அர்த்தம். ஜாஸில் அதைத்தான் தேடிப் போகிறார்கள். அந்த உரசல் காதைக் குத்தாமல் மினுங்க வேண்டுமென்றால் நால்வரும் 'ஆ'வை ஒரே அளவு வாய் திறந்து பாட வேண்டும், குரலை நடுங்க விடாமல் நேராக நிறுத்த வேண்டும், மூச்சையும் ஒன்றாக விட வேண்டும்.

சரி, பழைய பாட்டுக்கு வருவோம். 'இன் த வீ ஸ்மால் அவர்ஸ் ஆஃப் த மார்னிங்', 1955இல் ஃப்ராங்க் சினாட்ரா பாடி நிலைத்த பாட்டு. இசை டேவிட் மான், வரிகள் பாப் ஹில்லியர்ட். ஊரே தூங்கும் நேரத்தில் தூக்கம் வராமல் ஒருத்தியை நினைத்துக்கொண்டு கிடப்பவனின் புலம்பல். எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். சேஜ் இதை லண்டன்காரரான இசைக்கலைஞர் ஜேக்கப் காலியரோடு சேர்ந்து பாடியிருக்கிறார்கள். சினாட்ராவில் ஒரே ஒரு ஆள் விழித்துக் கிடக்கிறார். இதிலோ மெட்டு ஒரு சுரத்தில் நின்றுகொண்டிருக்க, அடியில் மற்ற குரல்கள் நகர்ந்துவிடுகின்றன. நம் காதுக்கு அதே சுரம்தான், ஆனால் ஒரு நொடி முன்பு ஆறுதலாக இருந்தது இப்போது ஏக்கமாகிவிடுகிறது. தூக்கம் வராத ஒருவருடைய மனசுக்குள்ளேயே நாலு பேர் உட்கார்ந்து பேசுவது போல எனக்குப் படும்.

இந்தப் பாட்டுக்கு 2024இல் கிராமி கிடைத்தது. அது பாடியதற்கான விருது இல்லை, அரேஞ்ச்மென்டுக்கான, அதாவது எந்தக் குரலும் வாத்தியமும் எங்கே என்ன செய்யும் என்று அமைத்ததற்கான விருது. அரேஞ்ச் செய்தவர்களாக நால்வரின் பெயரும் காலியரின் பெயரும் இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவர்கள் சேர்ந்து எழுதிய 'டெசர்ட் சாங்', ஆல்பம் எதுவும் வராத காலத்திலேயே 2021 கிராமிக்கு இதே பிரிவில் பரிந்துரை ஆனது. அந்த வருடம் விருதைத் தட்டிச் சென்றவர் இதே ஜேக்கப் காலியர்!

சொந்தப் பாட்டுகளில் முதலில் அந்த 'டெசர்ட் சாங்'கையே கேட்கலாம். அதைக் கேட்டபின் பழைய பாட்டுக்குத் திரும்பினால், இரண்டும் ஒரே கை செய்த வேலை என்று காதுக்கே தெரிந்துவிடும்.

இந்த மரபில் பின்னோக்கிப் போக ஆசை வந்தால் லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் மூவரின் 'சிங் எ சாங் ஆஃப் பேஸி'. கவுன்ட் பேஸி வாத்தியக் குழுவின் பாட்டுகளைக் குரலிலேயே பாட ஆள் பிடித்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய அந்தத் தாள அசைவு, வரவில்லை. அப்புறம் மூன்று பேருமே தங்கள் குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து முடித்தார்கள், அதுவும் 1957இல். மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் நால்வர் குழுவையும் விடாதீர்கள். சேஜ் ஆல்பம் வந்த அதே 2023இன் டிசம்பரில்தான் அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் விடைபெறும் கச்சேரி செய்தார்கள்.

எதைக் கேட்டாலும் ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் நடுவில் நிற்கும் இரண்டு குரலும் கரைந்துபோகும். மெட்டு மட்டும் மிஞ்சும், நீங்களும் கவர்தானே என்பீர்கள்.