தாடை மூட்டு ஒட்டிப்போனால் ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அசைகிற அந்த இடம்தான் தாடை மூட்டு. அங்கே தாடை எலும்பின் தலை மண்டையோட்டோடு ஒட்டி ஒரே எலும்பாகிவிட்டால் வாய் திறக்காது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக மூன்று விரல் நுழையும். முற்றிய நிலையில் ஒரு விரல்கூட நுழையாது.

பெரும்பாலும் காரணம் அடிதான். சின்ன வயதில் முகவாய் தரையில் மோத விழுந்திருப்பார்கள். தையல் முகவாயில் போடப்படும். உடைந்தது மேலே மூட்டில் என்பது யார் கவனத்துக்கும் வராது. உள்ளே கசிந்த ரத்தம் உறைந்து, மெல்ல எலும்பாக மாறும். காதுச் சீழ் மூட்டுக்குப் பரவியும் இப்படி ஆகலாம்.

துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விடலாம். வெல்டிங் வைத்த கீலை அறுத்துத்தான் ஆக வேண்டும். இங்கேயும் ஒட்டிய எலும்பை அறுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி உண்டாக்குவார்கள். திரும்ப ஒட்டாமலிருக்க, வாஷர் மாதிரி, நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு பகுதியைத் திருப்பி நடுவில் வைப்பார்கள். வளரும் குழந்தைக்கு விலா எலும்பைக் குருத்தெலும்போடு எடுத்துப் புது மூட்டுத்தலையாகப் பொருத்துவதுண்டு, தாடையோடு சேர்ந்து வளரட்டும் என்று. (சில சமயம் அளவுக்கு மீறியும் வளர்ந்துவிடும்.) இதில் மயக்க மருந்து கொடுப்பவர் பாடுதான் பெரும்பாடு: கேமரா வைத்த மெல்லிய குழாயால் வழி பார்த்து, மூக்கு வழியாகச் சுவாசக் குழாயை இறக்க வேண்டும்.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வலித்தாலும் மாதக்கணக்கில் வாய் திறக்கும் பயிற்சி செய்யாவிட்டால் மூட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.