கேன் தண்ணி, வண்டித் தண்ணி, போர் தண்ணி: சட்டம் எங்க பிடிக்கும், எங்க வழுக்கும் (கேள்வி பதில்)

நான் மதுரைல நுகர்வோர் வழக்கு பாக்குற வக்கீல். தண்ணி சம்பந்தமா கேளுங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், இம்புட்டு கேள்வி வந்து கிடக்கு. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ஆனையூர்லருந்து: அண்ணே, கேன் தண்ணில தூசி மாதிரி மிதக்குது. கடைக்காரர் வேற கேன் தந்து பேச்ச முடிச்சிடுறார். புகார் குடுத்தா நடவடிக்கை எடுப்பாங்களா?

எடுக்க வைக்கலாம் தம்பி. காசு குடுத்து வாங்குற தண்ணிலயே சட்டம் கெட்டியா பிடிக்கிறது சீல் வச்ச கேனைத்தான், ஏன்னா 2006 உணவு பாதுகாப்புச் சட்டத்துல பாக்கெட் தண்ணியும் உணவுன்னு பேர் சொல்லியே போட்ருக்கு. லேபிள்ல 14 இலக்க லைசென்ஸ் நம்பர், பேட்ச், தயாரிச்ச தேதி இருக்கான்னு பாருங்க, நம்பர ஃபாஸ்காஸ்ங்கிற அரசு உணவு லைசென்ஸ் சைட்ல போட்டா அது யாரோட கம்பெனி, உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு வந்துரும். தரம் குறைஞ்சதுன்னு நிரூபணமானா 5 லட்சம் வரைக்கும், லேபிள் தப்புன்னா 3 லட்சம் வரைக்கும் அபராதம். புகார்ல "ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்ல"ன்னு மட்டும் எழுதிட்டு நிக்காதீங்க, 2024 அக்டோபர்ல அந்தக் கட்டாயத்தையே எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா அடுத்த மாசமே கேன் தண்ணிய அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியல்ல சேத்து, லைசென்ஸுக்கு முன்னாடி ஆய்வு, வருஷா வருஷம் ஆடிட்டுன்னு கொண்டு வந்தாங்க. பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு!

ஒண்ணே ஒண்ணு, சீல் உடைச்ச கேனைத் தூக்கிட்டு வராதீங்க. "நீங்க வீட்ல என்னத்த கலந்தீங்களோ"ன்னு எதிர்த்தரப்பு ஒரே வரில முடிச்சிருவான்.

பழங்காநத்தம்லருந்து: அதிகாரி வரவே மாட்டேங்குறார் சார். நானே டெஸ்ட் எடுத்தா கேஸ்ல செல்லுமா?

அதே உணவு பாதுகாப்புச் சட்டத்துல 40-வது பிரிவு உங்களுக்காகத்தான் இருக்கு, யாரும் பயன்படுத்துறதில்ல. வாங்குற ஆளே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட சோதிக்கக் குடுக்கலாம், அரசு லேப் மதுரையிலயே இருக்கு. ஆனா வாங்கும்போதே "இத லேப்புக்கு அனுப்பப் போறேன்"னு கடைக்காரர்ட்ட சொல்லிரணும், சும்மா வாயால சொல்லாம கூட ஒரு ஆள வச்சுக்கிட்டு சொல்லுங்க, பில்லும் வாங்கிக்கங்க. தண்ணி தப்புன்னு வந்தா கட்டின காசு திரும்பக் கிடைக்கும்.

போர், கிணறு தண்ணின்னா குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுக்கலாம். கிருமி டெஸ்டுக்குப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல புடிச்சுட்டுப் போயிராதீங்க, லேப்லயே கிருமி நீக்கின பாட்டில் கேளுங்க. குழாய ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு, மூடியோட உள்பக்கம் கை படாம, மேல கொஞ்சம் இடம் விட்டுப் புடிச்சு, ஐஸ்ல வச்சு அன்னைக்கே குடுத்துரணும். இதெல்லாம் செய்யாம வந்த ரிப்போர்ட்ட கோர்ட்ல கிழிச்சிருவாங்க.

வில்லாபுரம்லருந்து: எங்க தெருவுக்கு குட்டியானைல டேங்க் வச்சு குடம் குடமா விக்க வர்றாங்க. மீட்டர்ல டி.டி.எஸ். 40-ன்னு காட்டுறாரு, அப்ப நல்ல தண்ணிதான?

மீட்டர் உப்ப மட்டும்தாம்மா சொல்லும், கிருமியச் சொல்லாது. சாக்கடைத் தண்ணிய ஆர்.ஓ.ல விட்டு, அந்த டேங்க ஆறு மாசம் கழுவாம வச்சிருந்தாலும் 40 காட்டலாம். ஐ.எஸ். 10500-ங்கிற இந்தியக் குடிநீர் தரப்படி 100 மில்லில ஈ.கோலி (மலத்துலருந்து வர்ற கிருமி) ஒண்ணுகூட இருக்கக் கூடாது, பாக்க வேண்டியது அதைத்தான்.

சட்டம் வழுக்குறதும் இங்கதான். உதிரியா விக்கிற தண்ணிய உணவுச் சட்டத்துல தனியாப் பேர் சொல்லல. "மனுசன் சாப்பிடக் குடிக்கன்னு உள்ள எந்தப் பொருளும்"ங்கிற பொது வரைய வச்சு நாங்க இழுக்குறோம், "பாக்கெட் தண்ணின்னுதானய்யா போட்ருக்கு"ன்னு அவங்க இழுப்பாங்க. அதனால ரெண்டு பக்கமும் மனு போடுங்க. உணவு பாதுகாப்பு அதிகாரிக்கு ஒண்ணு, மாநகராட்சி சுகாதார அலுவலருக்கு 1939 பொது சுகாதாரச் சட்டத்தச் சொல்லி ஒண்ணு. தண்ணி எடுக்கிற கிணறே கெட்டதுன்னு சந்தேகம் இருந்தா, பி.என்.எஸ்.எஸ்.ங்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டம் 152-ன்படி ஆர்.டி.ஓ.கிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) பொதுத் தொல்லைன்னு மனு போடலாம், அவர் தடுத்து உத்தரவு போட முடியும். மேலூர் பக்கம் டிராக்டர்ல கிணத்துத் தண்ணி விக்கிறாங்கன்னு கேட்ட நண்பருக்கும் இதே பதில், அங்க மனு போக வேண்டியது ஊராட்சிக்கு.

ஒத்தக்கடைலருந்து: புது அபார்ட்மென்ட், வந்து ரெண்டு வருஷம் ஆகுது, போர் தண்ணில சாக்கடை வாடை. பில்டர் "சங்கத்துட்ட ஒப்படைச்சாச்சு"ங்கிறார்.

ஒப்படைச்சா கை கழுவிர முடியாது. வீடு வாங்குறவங்களுக்கான ரெரா சட்டம் 14(3) படிச்சுப் பாருங்க, சாவி வாங்கி 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துல, வேலைத் தரத்துல, சேவைல குறைன்னு சொன்னா 30 நாளுக்குள்ள பில்டர் தன் செலவுல சரி பண்ணித் தரணும். லேப் ரிப்போர்ட்டோட, செப்டிக் டேங்குக்கும் போருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்து போட்டோ எடுத்து, ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க. வாட்ஸ்அப் குரூப்ல வைறதால ஒண்ணும் ஆகாது. அஞ்சு வருஷம் தாண்டினா நிலைமை வேற, சொந்த போர் தண்ணிய யாரும் வந்து சோதிக்க மாட்டாங்க, சங்கந்தான் பாத்துக்கணும்.

திருநகர்லருந்து: வாடகை வீடு. ஓனர் உப்புத் தண்ணி மட்டும்தான் விடுறார்.

தண்ணிய நிறுத்தினா 2017 வாடகைச் சட்டப்படி ரென்ட் அத்தாரிட்டிக்கு (வாடகைத் தகராறு பாக்குற அதிகாரி) போகலாம். உப்பா இருக்குங்கிறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்ல, ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

பேர் போட வேண்டாம்னு ஒரு தாய்: கேன் தண்ணி குடிச்சு பையன் நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்தான். நஷ்டஈடு கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கும்மா. உணவு பாதுகாப்புச் சட்டம் 65-வது பிரிவுல பலத்த பாதிப்புக்கு 3 லட்சம் வரைக்கும், மத்த பாதிப்புக்கு 1 லட்சம் வரைக்கும் சொல்லிருக்கு. நுகர்வோர் ஆணையத்துலயும் போடலாம், வாங்கின பொருளோட விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போட்ரணும். சிக்கல் என்னன்னா "இந்தத் தண்ணியாலதான்"னு காட்டணும். டிஸ்சார்ஜ் சம்மரில டாக்டர் என்ன எழுதிருக்கார், மலப் பரிசோதனை எடுத்தாங்களா, அதே பேட்ச் கேன் வேற வீட்ல யாருக்காச்சும் இருக்கா, இத மூணையும் இந்த வாரமே தேடுங்க. கேன் பில் இல்லன்னா ஜி-பேல அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் இருக்கும்ல, அதை எடுத்து வைங்க.

சிலைமான்லருந்து: கேஸெல்லாம் வேணாம் சார், கொதிக்க வச்சுக் குடிச்சா போதுமா?

கிருமிக்குப் போதும், நல்லா தளதளன்னு கொதிக்கணும். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் போகாது, தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும். கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா நைட்ரேட் மட்டுமாவது ஒரு தடவ பாத்துருங்க, லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருந்தா அந்தத் தண்ணில பால் மாவு கலக்காதீங்க.