மஞ்சள் சிக்லிட் மீன் பத்து நாளாகச் சாப்பிடவில்லை, தாடை வீங்கியிருக்கிறது. நோயா? வாயில் குஞ்சு இருந்தால் எப்படிக் காப்பாற்றுவது?

நோய் இல்லை. வாய்க்குள் குஞ்சு இருக்கிறது. தயவுசெய்து உப்பும் போடாதீர்கள், மருந்தும் ஊற்றாதீர்கள். நான் உப்புப் போட்டுப் பார்த்தவன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்றடித் தொட்டி. அதில் ஆறு எலக்ட்ரிக் எல்லோ, உங்களிடம் இருக்கும் அதே மஞ்சள் சிக்லிட்தான். ஒரு பெட்டை மட்டும் தீனி போட்டால் மற்றவற்றோடு ஓடி வரும், ஆனால் வாயைத் திறக்காது. தாடை தவளைக்குப் புடைத்த மாதிரி இருந்தது. அவ்வப்போது எதையோ மெல்லுவதுபோல் அசைத்துக்கொண்டும் இருந்தது. ஏதோ கட்டி என்று நினைத்து, ஒரு வாளியில் கல் உப்பைக் கரைத்து அதில் பிடித்து விட்டேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் மணிகளாகப் பதினோரு முட்டைகளைத் துப்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆச்சி வந்தாள்.

"ஏல, இது சீக்கா? குளத்துல ஜிலேபி மீனு குஞ்ச வாய்க்குள்ள வச்சிருக்கும்லா, அதாம்ல இது. பிள்ளத்தாச்சியப் போயி உப்புத் தண்ணில முக்கிட்டியேல!"

ஆச்சி குளத்தங்கரை ஊரில் வளர்ந்தவள். கோடையில் குளம் வற்றி மீன் பிடிக்கும்போது, ஜிலேபியைத் தூக்கினால் வாயிலிருந்து குஞ்சு கொட்டுவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாள். அவள் சொன்ன உறவுமுறையும் சரிதான். ஜிலேபியும் ஆப்பிரிக்க சிக்லிட் குடும்பம்தான், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உங்கள் மஞ்சள் மீனின் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. பெட்டை முட்டையிட்ட கையோடு அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். இந்த ஏரியின் பல வகைகளில் ஆணின் பின் துடுப்பில் முட்டை போலவே வட்டப் புள்ளிகள் இருக்கும். அதையும் முட்டை என்று பெட்டை கொத்தப் போகும்போதுதான் ஆணின் விந்து அதன் வாய்க்குள் போய்ச் சேருகிறது. மெல்லுவதுபோல் தெரிந்தது, முட்டைகளைப் புரட்டி எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாயவிடும் வேலை.

இனி நாள் கணக்கு. நம் ஊரில் ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் 27, 28 டிகிரியில் நிற்கும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் குஞ்சுகளை வெளியே விட்டுவிடும். குளிர்ந்த ஊர் என்றால் நான்கு வாரம்கூட ஆகும். உங்களுக்குப் பத்து நாள் தாண்டிவிட்டதால் முட்டை பொரிந்திருக்கும், ஆனால் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவுள்ள பை இன்னும் தொங்கும். அது கரையும்வரை குஞ்சுக்கு வேறு சாப்பாடே வேண்டாம். ஆகவே இன்று வலையை எடுக்காதீர்கள். வலையைப் பார்த்த பயத்திலேயே துப்பிவிடும் மீன்கள் உண்டு, விழுங்கிவிடுவதும் உண்டு. முதல் ஈற்று என்றால் இன்னும் பதறும். அப்படி நடந்துவிட்டால் விட்டுவிடுங்கள், சில வாரம் போனால் மறுபடி முட்டையிடும்.

பதினேழு, பதினெட்டாம் நாள், ராத்திரி விளக்கணைத்த பிறகு, தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே தானாகவே துப்பட்டும். சிலர் மீனைத் தலைகீழாகப் பிடித்து, கீழுதட்டைப் பல்குத்தும் குச்சியால் இறக்கிக் குஞ்சுகளை உதறி எடுப்பார்கள். நானும் இரண்டு முறை செய்தேன். கை நனைந்திருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. செய்யலாம்தான், ஆனால் பாதி நேரம் அது நம் அவசரத்துக்காகச் செய்வது. முட்டையாக இருக்கும்போதே பிடுங்கி எடுத்து, பாட்டிலில் காற்றுக் குழாய் விட்டு முட்டை உருட்டுவதெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. நம் பாட்டிலைவிட அதன் வாய் சுத்தம்.

தாயை மாற்றும் இந்தக் குஞ்சுத் தொட்டி ஒன்றரை அடி இருந்தால் போதும். மணல் வேண்டாம், ஒளிந்துகொள்ள நாலு கல் போடுங்கள். ஸ்பான்ஜ் ஃபில்டர் மட்டும் புதிதாக இருக்கக் கூடாது. இன்றைக்கே ஒன்று வாங்கிப் பெரிய தொட்டியில் ஓடவிடுங்கள், அதில் நல்ல பாக்டீரியா ஏறட்டும். தண்ணீரைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டம். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் திட்டு வாங்கும் போர் தண்ணீர்தான் இந்த மீனுக்கு அமிர்தம். மலாவி ஏரித் தண்ணீரே காரத்தன்மை உள்ளது, அதை அளக்கும் பிஎச் எண் 8 பக்கம். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், ஒரு நாள் வாளியில் வைத்துக் குளோரின் போகவிட்டு ஊற்றுங்கள். திருச்செந்தூர் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓடுகளைக் கழுவி ஒரு கைப்பிடி போட்டால் தண்ணீர் மெல்ல மெல்லக் கடினமாகும்.

சாப்பாட்டில்தான் நான் பெரிதாகத் தோற்றேன். இரண்டாவது ஈற்றில் 27 குஞ்சு. கோழிக்குஞ்சுக்குக் கொடுக்கிற நினைப்பில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலை தண்ணீர் கழுநீர் மாதிரி, 19 குஞ்சு அடியில் கிடந்தது. கெட்ட தீனியிலிருந்து அம்மோனியா வரும், பிஎச் உயர்ந்த தண்ணீரில் அது அதிக விஷம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிஎச் 7இலிருந்து 8க்குப் போனால் அதன் விஷ வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகிவிடும், சூடும் சேர்ந்தால் இன்னும் கூடும். மிச்சத் தீனி கெடுவதை மற்ற மீன் தாங்கினாலும் இந்தக் குஞ்சு தாங்காது.

இப்போது ஆர்ட்டீமியாதான், அதாவது உப்புத் தண்ணீரில் முட்டை பொரிய வைத்து எடுக்கும் பொடி இறால் குஞ்சு. ஒரு லிட்டர் தண்ணீரில் 25, 30 கிராம் கல் உப்பு. தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறது, அயோடின் சேர்க்காததாகப் பாருங்கள். அரைக் கரண்டி ஆர்ட்டீமியா முட்டை போட்டு, காற்று பலமாக விட்டு, வெளிச்சத்தில் வைத்தால் ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், செம்மஞ்சள் பொடிகள் கீழே சேரும். கீழே சேர்ந்ததை மட்டும் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓட்டைச் சேர்த்துக் கொடுத்தால் குஞ்சின் குடலில் அடைக்கும். இந்தப் பாடெல்லாம் முடியாது என்றாலும் பாதகமில்லை. இந்தக் குஞ்சுகள் வாயை விட்டு வரும்போதே ஒரு சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், கப்பி குஞ்சு போல நூல் இல்லை. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த ஃப்ளேக் தீனியை விரலால் மாவாகப் பொடித்தால் தின்னும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். மாதாந்திர மின்தடை நாளுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் மூன்று வாரம் பட்டினி கிடந்தது. இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு அனுப்புங்கள். ரொம்ப நாள் தள்ளி வைத்தால் மற்றவை அதைப் புதுசாக வந்த மீனாகப் பார்த்துத் துரத்தும்.

இரண்டு, மூன்று மாதத்தில் குஞ்சுகள் ஒரு அங்குலம் வளரும், கடைக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள். எனக்குப் பழக்கமான கடை அண்ணாச்சி காசு தராமல் தீனியாகக் கொடுப்பார், எனக்கு அதுவே வசதி. ஆனால் உங்கள் தொட்டியில் வேறு மலாவி மீன்களும் இருந்தால் தகப்பன் யார் என்று உறுதியில்லை. கலப்பாக இருக்கலாம் என்று சொல்லியே கொடுங்கள். மிஞ்சியதை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள், ஜிலேபி பரவியிருப்பதே போதும்.

நீங்கள் கவனித்த நாள் முட்டையிட்ட நாளாக இருக்காது, ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே முட்டைகளை வாயில் எடுத்திருக்கும். அதனால் காலண்டரில் இன்றிலிருந்து ஆறாம் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தாயை மாற்றுவது அன்றைக்கு ராத்திரி.