வாசகர் கேள்வி – பதில்: காலநிலை அறிவியல் படிக்க விரும்புவோருக்கு

கேள்வி: இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2023 டிசம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. காலநிலை அறிவியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று வந்தது, இன்றுவரை மாறவில்லை. அது புவியியல் படித்தவர்களுக்கு உரிய துறை என்று சிலர் சொல்கிறார்கள். நான் வந்த வழி தவறா?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தவறே இல்லை. பள்ளிப் புவியியலில் நாம் படித்தது காலநிலையின் வகைப்பாடு. பல்கலைக்கழகத்தில் படிக்கப்போவது அதன் இயற்பியல். 2021ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி சியூகுரோ மனாபே, கிளாஸ் ஹாசல்மான் என்னும் இரு காலநிலை அறிஞர்களுக்கு வழங்கப்பட்டது என்பதை உங்களைத் தயங்க வைப்பவர்களிடம் சொல்லுங்கள்.

இத்துறையில் நுழைபவர்கள் முதலில் போடும் கணக்கை உங்கள் நோட்டிலேயே இன்று போட்டுப் பார்க்கலாம். வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் சூரிய ஆற்றல் வந்து சேர்கிறது. பூமி அதை ஒரு வட்டத்தட்டின் பரப்பளவில் வாங்கி, கோளத்தின் முழுப் பரப்பிலும் பகிர்ந்துகொள்வதால் நான்கால் வகுக்க வேண்டும். மேகமும் பனியும் நிலமும் திருப்பி அனுப்பிவிடும் 30 சதவீதத்தைக் கழித்தால் சுமார் 238 வாட் மிஞ்சும். அவ்வளவு ஆற்றலை வெளியிடும் பொருளின் வெப்பநிலை என்ன என்று ஸ்டெபான்–போல்ட்ஸ்மன் விதியிடம் கேட்டால், மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்று விடை வரும். உண்மையில் புவிப்பரப்பின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 15 டிகிரி. இடையில் உள்ள இந்த 33 டிகிரியைத் தருபவை நீராவி, கரியமில வாயு முதலிய பசுமைக்குடில் வாயுக்களே. மேகங்கள், கடல் நீரோட்டங்கள், பனிப்பாறைகள், காடுகள் என்று பின்னர் நீங்கள் படிக்கும் ஒவ்வொன்றும் இந்த வரவு செலவுக் கணக்கில் ஒரு பற்றாகவோ வரவாகவோ வந்து சேரும்.

உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீரும் இதில் அடங்கும். அப்போது குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும் என்பது நீங்கள் ஏற்கெனவே படித்த வெப்ப இயக்கவியல். அந்தக் குறிப்பிட்ட மழையில் புவி வெப்பமயமாதலின் பங்கு எவ்வளவு என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி. ஒரு சூத்திரத்தை வைத்து அதற்கு விடை சொல்லிவிட முடியாது. அந்த ஆராய்ச்சியைச் செய்யும் இடத்துக்கு உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

கேள்வி: அடுத்த வாரம் மழை வருமா என்றே உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள், ஐம்பது ஆண்டுக்குப் பிந்தைய காலநிலையை எப்படிச் சொல்கிறார்கள்? என் மகள் இதைப் படிக்க ஆசைப்படுவதால் கேட்கிறேன்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தந்தை கேட்க வேண்டிய கேள்விதான் இது. உப்பளத்தில் வேலை செய்பவருக்கு மழை எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. ஆனால் ஐப்பசி பிறந்தால் உப்பு வாருவதற்கு வழியில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். முன்னது வானிலை, பின்னது காலநிலை. இன்றைய காற்றின் நிலையை அளப்பதில் நேரும் சிறு பிழை நாளுக்கு நாள் பெருகுவதால், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அப்பால் அன்றாட வானிலையைக் கணிக்க இயலாது. இதற்கான கணித அடிப்படையை எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். நீண்ட காலச் சராசரியை முடிவு செய்பவையோ சூரிய ஒளி, வாயுக்களின் அளவு, கடலில் சேரும் வெப்பம் ஆகியவை. அவற்றின் போக்கு தெரிந்தால் சராசரியின் போக்கும் தெரியவரும்.

கடலைச் சேர்க்காமல் நம் மழையைப் புரிந்துகொள்ளவே முடியாது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணிதவியலாளர். வானிலையில் முன்பயிற்சி இல்லாதவர். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளை முன்கூட்டியே அறிய வேண்டும் என்று உலகெங்கும் இருந்து அளவீடுகளைத் திரட்டிக் கணக்கிட்டவர், பசிபிக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஏற்றப்பலகைபோல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். அதை, பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவோடு இணைத்து 1969இல் விளக்கியவர் யாக்கோப் பியர்க்னஸ் என்னும் வானிலை அறிஞர். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் கூடுகிறது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 வலுவான எல் நினோ ஆண்டு.

கேள்வி: எங்கே படிக்கலாம்? இப்போதே என்ன செய்ய வேண்டும்?
– மாணவர், சேலம்

பதில்: கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வானிலையியல் முதுகலை உண்டு. ஆராய்ச்சிக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லி ஐ.ஐ.டி., புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் ஆகியவை உள்ளன. வேளாண்மை இளங்கலை முடித்தவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் வானிலையியல் பொருத்தமானது. பெயரில் ‘காலநிலை’ இருக்கிறது என்பதற்காக, கணிதமே இல்லாத ஓர் இளங்கலையில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வகைக்கெழுச் சமன்பாடுகள் வராதவர்களுக்கு முதுகலையில், காற்றும் நீரும் ஓடும் விதத்தைக் கணக்கிடும் பாய்ம இயக்கவியல் பெரும் சுமையாகிவிடும்.

பைத்தான் என்னும் கணினி மொழியை இப்போதே பழகுங்கள். உங்கள் ஊரின் முப்பது ஆண்டு மழை அளவுகளைத் தேடி எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கூட்டுத்தொகையை வரைபடமாக்குங்கள். அதில் எல் நினோ ஆண்டுகளை மட்டும் சிவப்பில் குறித்து, அவை சராசரிக் கோட்டுக்கு மேலே நிற்கின்றனவா, எந்த ஆண்டு கீழே தங்கிவிட்டது என்று பாருங்கள். கீழே நிற்கும் அந்தச் சிவப்புப் புள்ளிக்குக் காரணம் தேடுவதிலிருந்து தொடங்கலாம்.