ஷ்ட்ராம்பெர்க்: ஷிப்கா குகைக்கு டிக்கெட் எங்கே?

செக் நாட்டின் மொராவியாப் பகுதியில், ஷ்ட்ராம்பெர்க் ஊரில் இருக்கும் ஷிப்கா குகைக்கு டிக்கெட்டே கிடையாது. நேராக நடந்து உள்ளே போகலாம். இணையத்தில் எவ்வளவு தேடியும் முன்பதிவு கிடைக்கவில்லை, மூடிவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். காரணம் அதுதான்.

மொராவியாவின் மற்ற குகைகளோடு சேர்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புன்க்வா குகைக்கு வழிகாட்டி, நேரம், முன்பதிவு எல்லாம் உண்டு. ஷிப்கா அப்படியல்ல. கொடொவுச் குன்றின் சரிவில், 'நாரொத்னீ சாத்' பூங்காவுக்குள் திறந்து கிடக்கிறது. வரைபடத்தில் குகையின் பெயர் கிடைக்காவிட்டால் இந்தப் பூங்காவின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பாதை தெரியும்.

குகை சிறியதுதான். ஆனால் தயவுசெய்து ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடாதீர்கள். 1880இல் கரெல் மாஷ்கா ஒரு நியாண்டர்தால் (அழிந்துபோன ஆதிமனித இனம்) குழந்தையின் தாடை எலும்பைக் கண்டெடுத்த இடம் அது. உள்ளே கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள், எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

இணையத்தில் ஏதாவது கட்டணம் பார்த்திருந்தால், அது அதே ஊரிலுள்ள த்ரூபா என்ற பழைய கோட்டைக் கோபுரத்துடையதாக இருக்கலாம். அதற்கு மட்டும் டிக்கெட் வேண்டும். திறக்கும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்திருந்தால் சுண்ணாம்புக்கல் நன்றாக வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள், கையில் டார்ச் இருக்கட்டும். அப்புறம், இறங்கி வந்ததும் 'ஷ்ட்ராம்பெர்க் காது' என்ற தேன் மணக்கும் பலகாரத்தை வாங்கிச் சாப்பிடுங்கள்.