வட்டில் இருக்கும் விண்டோஸ் 10-ஐ லினக்ஸிலிருந்தே விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) ஓட்ட முடியுமா?

முடியும். அசல் பார்ட்டிஷனை (வட்டின் பிரிவு) சுட்டும் ஒரு சிறிய விஎம்டிகே கோப்பை (மெய்நிகர் வட்டுக் கோப்பு) உருவாக்கி, அதை மெய்நிகர் கணினியின் சாட்டா கன்ட்ரோலரில் (வட்டுகளை இணைக்கும் பகுதி) இணையுங்கள். அதில் விண்டோஸ் பார்ட்டிஷனையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் (பூட் கோப்புகள் இருக்கும் சிறு பிரிவு) மட்டும் சேருங்கள். முழு வட்டையும் கொடுத்தால் லினக்ஸ் பகுதியும் உள்ளே ஓடும் விண்டோஸின் கைக்குப் போய்விடும். வட்டு ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் இஎஃப்ஐ-யை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகாது.

பெரிய ஆபத்து வேறு. அந்த இரண்டு பார்ட்டிஷன்களையும் லினக்ஸில் மவுண்ட் செய்தபடியே (திறந்து இணைத்தபடியே) விண்டோஸை ஓட்டாதீர்கள்: இரு பக்கமும் எழுதினால் கோப்பு முறைமை சிதையும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் /boot/efi என்ற இடத்தில் தானாக மவுண்ட் ஆகியிருக்கும், அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (வேகத் தொடக்கம்), ஹைபர்னேஷன் (நினைவகத்தை வட்டில் சேமித்து உறங்குதல்) இரண்டையும் முன்பே அணையுங்கள். உறங்கவைத்த நினைவகம் வேறு வன்பொருளில் விழிக்காது. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) இருந்தால் மீட்புச் சாவி கேட்கும், கையில் வைத்திருங்கள். வன்பொருள் மாறுவதால் விண்டோஸ் ஆக்டிவேஷனும் (உரிமச் சரிபார்ப்பு) போகலாம்.